ஒன்றைக் கூட்டுமிடம்: ஸ்தவாங்கர் குறிப்புகள்

3-இன் அடுக்கு 2.5 எவ்வளவு? தாளில் போடுவதென்றால் 3-ஐ ஐந்து முறை பெருக்கி 243, அதற்கு வர்க்கமூலம், 15.5885. அடுக்கு 2.5 என்பதால் பிழைத்தோம். 2.5173 என்று கொடுத்திருந்தால் இந்த வழி உதவாது. கணினிக்கு எல்லா அடுக்குமே 2.5173 மாதிரிதான்.

இன்டெலின் 8087 சில்லு 1980-இல் வந்தது. 8086-க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மிதவைப் புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும் துணைச் சில்லு. அதில் அடுக்குக்கென்று தனிக் கட்டளை கிடையாது. அசெம்பிளி மொழியில் எழுதுகிறவர் சில கட்டளைகளைக் கோத்துத்தான் போட வேண்டும். முதலில் எஃப்ஒய்எல்2எக்ஸ். அது 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்து, கையோடு அடுக்கால் பெருக்கியும் கொடுத்துவிடும். 3-க்கு மடக்கை 1.58496, 2.5-ஆல் பெருக்க 3.96241. இனி 2-இன் அடுக்கு 3.96241 தெரிந்தால் போதும். எஃப்ஆர்என்டிஇன்ட் அதை அருகிலுள்ள முழுவெண்ணாக்கும்: 4. கழித்தால் மிச்சம் −0.03759. எஃப்2எக்ஸ்எம்1 இந்த மிச்சத்துக்கு 2-இன் அடுக்கைப் போட்டு, அதிலிருந்து 1-ஐக் கழித்துத் தரும்: −0.02572. நாம் 1-ஐக் கூட்டினால் 0.97428. கடைசியாக எஃப்ஸ்கேல், நான்கை எண்ணின் அளவுப் பகுதியோடு கூட்டிவிடும். பெருக்கலே நடக்காமல் 16-ஆல் பெருக்கியதாகிவிடும். 15.5885.

ஏன் 1-ஐக் கழித்துத் தர வேண்டும்? அடுத்த வரியிலேயே நாம் அதைத் திரும்பக் கூட்டத்தானே போகிறோம்? இதற்குப் பதில் நான் இருக்கும் இந்த நார்வே நாட்டு ஸ்தவாங்கரின் எண்ணெய்க் கணக்கில் இருக்கிறது. பின்னால் எழுதுகிறேன்.

*

தமிழ்நாட்டில் கால்குலேட்டர் பரவுவதற்கு முன் படித்தவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் புதிதில்லை. கிளார்க்ஸ் டேபிளை எடு, 3-க்கு லாக் பார், 0.4771. 2.5-ஆல் பெருக்கு, 1.1928. முன்னால் நிற்கும் 1 கேரக்டரிஸ்டிக், அதைத் தனியே வை. 0.1928 மாண்டிஸா, அதற்கு ஆன்டிலாக் பார், 1.559. புள்ளியை ஓரிடம் நகர்த்து, 15.59. எஃப்ஆர்என்டிஇன்ட் செய்வது கேரக்டரிஸ்டிக்கைப் பிரிக்கும் வேலை. எஃப்ஸ்கேல் செய்வது புள்ளியை நகர்த்தும் வேலை. பத்துக்குப் பதில் இரண்டு, அவ்வளவுதான்.

இன்னொரு ஒற்றுமை. லாக் டேபிளில் மாண்டிஸா குறை எண்ணாக வரக்கூடாது என்பதற்காக எண்ணின் தலையில் கோடு போட்டு 'பார் ஒன்று, பார் இரண்டு' என்று எழுதினோம். 8087-க்கும் அதே பிடிவாதம். அதன் எஃப்2எக்ஸ்எம்1, 0 முதல் 0.5 வரையுள்ள எண்ணை மட்டுமே வாங்கிக்கொள்ளும். குறை எண் கூடாது, அரைக்கு மேலும் கூடாது. மேலே நான் போட்டது பின்னால் வந்த சில்லுகளின் வழி. அதே கணக்கை 8087-இல் போட்டால் 3.96241-ஐக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கி 3 எடுக்க வேண்டும். மிச்சம் 0.96241, அரையைத் தாண்டிவிட்டது. அரையைக் கழித்து 0.46241-க்குக் கணக்குப் போட்டு, வந்ததை √2-ஆல் பெருக்கி, பிறகு எட்டு மடங்காக்க வேண்டும். 8087-இன் வாரிசான 80387 வந்தபோது எல்லை −1 முதல் +1 வரை விரிந்தது. இந்தச் சுற்றுவழி தேவையில்லாமல் போனது. பழைய நிரல்களில் காரணம் சொல்லாமல் ஒரு √2 உட்கார்ந்திருந்தால், அது 8087 காலத்து ஆள் எழுதியது என்று கொள்ளலாம்.

வேகம்? 8087-இல் எஃப்ஒய்எல்2எக்ஸுக்கு மட்டும் ஏறக்குறைய 1,000 கடிகாரத் துடிப்பு. 5 மெகாஹெர்ட்ஸ் சில்லில் ஒரு நொடிக்கு மூவாயிரம் அடுக்குகள் தேறினால் அதிகம். அன்றைக்கு அதுவே பெரிய வேகம்.

*

இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், பக்கத்து வீடு. வகுப்புக்காக இதே கட்டளைகளை எழுதிக்கொண்டு வந்தான்.

"மாமா, −2-ஐ மூண்டு தரம் பெருக்கினால் −8 எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இதுக்குத் தெரியேல்லை. எண்ணே இல்லை எண்டு சொல்லுது."

"அதுக்கு மூணு தரம்ங்கிறதே தெரியாதுப்பா. அது −2-க்கு மடக்கை தேடுது. குறை எண்ணுக்கு அங்கே மடக்கை ஏது?"

அடுக்கு என்றால் திரும்பத் திரும்பப் பெருக்குவது என்று பள்ளியில் தொடங்குகிறோம். சில்லு தொடங்குவது மடக்கையிலிருந்து. ஆகவே குறியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: அடுக்கு முழுவெண்ணா, ஒற்றையா இரட்டையா என்று சோதித்து, குறியை எடுத்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டு, பிறகு மாட்ட வேண்டும். முடிவிலியும் இப்படித்தான். முடிவிலியை முழுவெண்ணாக்கினால் முடிவிலி. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் 'எண் அல்ல'. 0-இன் அடுக்கு 0 என்றால் எஃப்ஒய்எல்2எக்ஸ் பிழை காட்டும். சி மொழியின் 1999 தரமோ 1 என்கிறது. நேர்வழிக் கணக்கு பத்துப் பன்னிரண்டு வரி என்றால், இந்த விதிவிலக்குகளுக்கு அதைப்போல் மூன்று மடங்கு எழுத வேண்டியிருக்கும். பையன் முகம் சுளித்தான். சம்பளம் அந்த மூன்று மடங்குக்குத்தான் என்றேன்.

*

80 பிட் ஏன்?

டபுள் எனப்படும் வழக்கமான எண்ணில் இலக்கங்களுக்கு 53 பிட், அளவுக்கு 11 பிட், குறிக்கு ஒன்று சேமித்து வைக்கும் ஏற்பாடு (53-இல் ஒன்று எப்போதும் 1 என்பதால் அதை எழுதுவதில்லை). 8087 தன் ரிஜிஸ்டர்களில் வைத்துக்கொள்ளும் எண் 80 பிட்; அதில் இலக்கங்களுக்கு மட்டும் 64. கூட்டல் பெருக்கலுக்கு இவ்வளவு தாராளம் தேவையில்லை. அடுக்குக்குத் தேவை.

டபுளில் அடங்கும் மிகப் பெரிய எண் 2-இன் அடுக்கு 1024-க்குச் சற்றுக் கீழே. அப்படியானால் மடக்கை எடுத்துப் பெருக்கியபின் கையில் இருக்கும் எண் ஆயிரத்தைத் தொடலாம். புள்ளிக்கு முன்னால் மட்டும் பத்து பிட் செலவு. 53-இல் மிச்சம் 43. முழுவெண்ணைக் கழற்றிவிட்டால் நிற்கும் பின்னத்தில் 43 பிட்தான் உண்மை, விடையிலும் அவ்வளவுதான் உண்மை. பதினாறு இலக்கம் எதிர்பார்த்த இடத்தில் பதின்மூன்று. அடுக்கில் விழும் சிறு பிழை விடையில் அப்படியே விகிதப் பிழையாகிறது என்பதுதான் கோளாறின் வேர். ஈடுகட்ட ஒரே வழி, நடுவில் வரும் எண்ணை 53-க்கு மேல் பத்துப் பதினோரு பிட் கூடுதலாக வைத்துக்கொள்வது. 53-ம் 11-ம் 64.

8087-க்கு இன்டெலின் ஆலோசகராக இருந்தவர் பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்துக்கும் அவர்தான் முதுகெலும்பு. 1989-இல் டூரிங் விருது. அந்தப் பதினோரு பிட்டுக்காக அவருக்கு இன்னொரு விருதும் தரலாம் என்பேன்.

*

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல எண் ஒன்றை நம்மவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ராமானுஜன் 1914-இல் பை-யின் தோராயங்கள் பற்றி எழுதிய கட்டுரையில், இயற்கை மடக்கையின் அடிமானமான 2.71828…-ஐ பை × √58 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 24591257751.99999982… வரும் என்று காட்டுகிறார். முழுவெண் ஆகிவிட்டதோ என்று தோன்றும்; இல்லை.

டபுளில் இதைப் பார்க்கவே முடியாது. இந்த அளவுள்ள எண்களுக்கு டபுளில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே 0.0000038 தூரம். ராமானுஜனின் குறை 0.00000018. மிகச் சரியாகக் கணக்கிட்டாலும் டபுள் '…752' என்று முழுவெண்ணையே எழுதும். 80 பிட்டில் இடைவெளி 0.000000002-க்கும் குறைவு, ஆகவே குறை தெரியும். ஆனால் 82 என்ற கடைசி இரண்டு இலக்கங்களை நம்பலாமா? பை, வர்க்கமூலம், பெருக்கல், மடக்கை மாறிலி என்று ஒவ்வொரு படியிலும் விழும் கடைசி பிட் பிழை விடையில் 0.00000003 வரை சேர்க்கும். நான்கைந்து படி சேர்ந்தால் குறையில் பாதிக்கு மேல் பிழையாகலாம். 752-க்குக் கீழே என்று சொல்லலாம், எவ்வளவு கீழே என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கராக இருந்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போனவர், கணினி எதுவுமில்லாமல் அதைச் சொன்னார்.

*

ஸ்தவாங்கரின் எல்லைக்குள் ஒரு தீவு, ஃபின்னோய். 2020 ஜனவரி 1 முதல் ஸ்தவாங்கர் நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதையில் காரிலேயே போகலாம். கணிதவியலாளர் ஆபெல் அந்தத் தீவின் மதகுருவுடைய மகன். நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல், பிறந்தது 1802 ஆகஸ்ட் 5, இறந்தது 1829 ஏப்ரல் 6. இருபத்தாறு வயது, காசநோய். ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்காக அவரை எல்லோரும் அறிவார்கள். எனக்கு முக்கியமானது இன்னொன்று: 1826-இல் கிரெல்லேயின் ஆய்விதழின் முதல் தொகுதியில் அவர் எழுதிய ஈருறுப்புத் தொடர் கட்டுரை.

1-ஓடு ஒரு சிறு எண்ணைக் கூட்டி, அதை ஏதேனும் ஓர் அடுக்குக்கு உயர்த்துவது எப்படி? நியூட்டன் தொடரைக் கொடுத்துவிட்டார். அது எப்போது உண்மை, எந்த எண்ணுக்குக் கூட்டுத்தொகை நிலைக்கும், விளிம்பில் என்னாகும் என்பதைக் கறாராகக் கேட்டவர் ஆபெல். அடுக்கு பின்னமாக இருக்கலாம், கலப்பெண்ணாகக்கூட இருக்கலாம். அதே கட்டுரையின் அடிக்குறிப்பில், அன்றைய பெரும்புள்ளியான கோஷியின் தேற்றம் ஒன்றுக்கு விதிவிலக்கு இருப்பதையும் பணிவாகக் காட்டிவிடுகிறார். 24 வயதுகூட ஆகாத பையன்! நிலைக்காத தொடர்களைக் கூட்டுகிறவர்கள்மீது அவருக்கிருந்த கோபம் கடிதங்களில் நேராகவே தெரியும்.

'1-ஓடு ஒரு சிறு எண்' என்பதைக் குறித்து வைத்துக்கொள்க.

*

இனி எண்ணெய். 1969 இறுதியில் எக்கோஃபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டது, 1971-இல் எண்ணெய் வந்தது, 1972-இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலுக்கும் எண்ணெய் இயக்குநரகத்துக்கும் ஸ்தவாங்கரே தலைமையிடம் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது. மத்தி மீன் டப்பியில் அடைத்த ஊர் எண்ணெய் ஊரானது. ஸ்டாட்டாயில் 2018-இல் ஈக்வினோர் ஆகிவிட்டது.

எண்ணெய்க் கிணறு ஒவ்வொன்றும் வருடா வருடம் வற்றும். எவ்வளவு வேகமாக வற்றும் என்று சொல்ல ஜே. ஜே. ஆர்ப்ஸ் 1945-இல் கொடுத்த சூத்திரம் இன்றும் ஓடுகிறது. ஆரம்ப உற்பத்தியை ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். அந்த எண்: (1 + பி × டி × காலம்), அடுக்கு 1/பி. டி என்பது தொடக்கத்தில் வற்றும் வேகம். பி என்பது வளைவின் குணம். 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். பி பூஜ்யத்தை நெருங்க நெருங்க இது சாதாரண அடுக்குக்குறி வீழ்ச்சியாக மாறும்: ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே விகிதத்தில் குறைவது. எக்கோஃபிஸ்க் மாதிரி வயலுக்கு இதை அப்படியே போட முடியாது, 1987 முதல் அங்கே நீரை உள்ளே செலுத்துகிறார்கள். தனிக் கிணறுகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

பார்த்தீர்களா, ஆபெலின் அதே வடிவம். 1-ஓடு ஒரு சிறு எண், பிறகு அடுக்கு. வளைவைப் பொருத்தும் நிரல் பி-யைத் தானே தேடும்போது பூஜ்யத்தின் பக்கம் அடிக்கடி போகும். அங்கேதான் விபரீதம்.

டி × காலம் 0.6 என்று வைப்போம். பி பூஜ்யமானால் உற்பத்தி ஆரம்பத்தில் இருந்ததில் 0.5488 பங்கு. இப்போது பி-க்கு 0.000000001 கொடுங்கள். 1-ஓடு 0.0000000006-ஐக் கூட்டுகிறோம். 1-க்குப் பக்கத்தில் டபுளுக்குப் பதினாறு இலக்கம்தான் தெரியும். சிறு எண்ணின் வால் வெட்டுப்படுகிறது. பிறகு 1/பி, அதாவது நூறு கோடியால் பெருக்குகிறோம். வெட்டுப்பட்டதும் நூறு கோடி மடங்காகிறது. விடையில் ஆறேழு இலக்கம் மிஞ்சும். பி-யை இன்னும் சுருக்கி, தசமப் புள்ளிக்குப் பின் பதினாறாம் இடத்தில் ஒரு 1 மட்டும் வைத்தால் கூட்டிய எண் 1-இலேயே மறைந்துவிடும். 1-இன் மடக்கை 0. எதால் பெருக்கினாலும் 0. விடை 1. கிணறு வற்றவே வற்றாது! அமைச்சர் மகிழ்வார்.

8087-ஐ வடிவமைத்தவர்கள் இதற்கென்றே ஒரு கட்டளை வைத்தார்கள்: எஃப்ஒய்எல்2எக்ஸ்பி1. அதற்கு 1-ஐக் கூட்டாமல் சிறு எண்ணை மட்டும் கொடுக்க வேண்டும். 1-ஓடு கூட்டினால் என்ன மடக்கை வருமோ அதை, கூட்டாமலே, வால் வெட்டுப்படாமல் தரும். ஏறக்குறைய −0.29 முதல் +0.29 வரைதான் செல்லும். அதற்கு வெளியே சாதாரணக் கட்டளையே போதும். எஃப்2எக்ஸ்எம்1 இதன் மறுபாதி. 2-இன் சின்னஞ்சிறு அடுக்கு 1-ஐ ஒட்டியே இருக்கும், அந்த 1 இலக்கங்களையெல்லாம் விழுங்கிவிடும். ஆகவே 1-ஐ நீக்கியே தருகிறது. வேண்டுமென்பவர் கூட்டிக்கொள்ளட்டும். கூட்டு வட்டியில் வட்டியை மட்டும் கேட்பவருக்கு 1 வேண்டியதே இல்லை.

இந்த இரண்டு கட்டளைகளின் பெயரிலும் உட்கார்ந்திருக்கும் 1-தான் அந்தச் சில்லிலேயே புத்திசாலித்தனமான இலக்கம் என்பது என் கட்சி. வேகம், ஸ்டாக், எட்டு ரிஜிஸ்டர் என்று மற்றதெல்லாம் பழசாகிவிட்டன.

*

இலக்கம் வெட்டுப்படுவது மட்டுமே கணினிக் கணக்கின் ஆபத்து அல்ல. காண்ட்ஸ்ஃபியோர்ட் ஸ்தவாங்கரை ஒட்டிய கடற்கழி. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லெய்ப்னர் ஏ என்ற கடல் மேடையின் கான்கிரீட் அடித்தளம் அங்கே மூழ்கி, அடியில் மோதி நொறுங்கியது. நில அதிர்வுக் கருவிகளில் 3.0 பதிவானது, நட்டம் சுமார் 70 கோடி டாலர், உயிர்ச்சேதம் இல்லை. கணினிக் கணக்குப் பிழைகளின் பட்டியல்களில் இதையும் சேர்ப்பார்கள், கேட்பவர் உடனே தசமப் பிழை என்று நினைத்துக்கொள்வார். அது தவறு. ஒவ்வொரு எண்ணும் சரியாகவே கணக்கிடப்பட்டது. சுவர்கள் கூடுமிடத்தைக் கணக்குக்காகச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலைப்பின்னல் போதிய நுணுக்கமில்லாமல் இருந்ததால் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். 80 பிட் அல்ல, 800 பிட் வைத்திருந்தாலும் அன்று உதவியிருக்காது.

*

ஆபெல் பரிசு 2003 முதல் ஓஸ்லோவில் கொடுக்கிறார்கள். 2007-இல் வாங்கியவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். சீனிவாச வரதன். பெருவிலக்கக் கோட்பாட்டுக்காக. மிக அரிதான நிகழ்வு ஒன்றின் வாய்ப்பு எந்த வேகத்தில், எந்த அடுக்குக்குறியோடு பூஜ்யத்தை நோக்கிச் சரிகிறது என்பதே அதன் கேள்வி.

அத்தகைய வாய்ப்புகளைக் கணினியில் நேராகப் போட முடியாது. இயற்கை அடுக்குக்குறியில் −745 வரை டபுள் தாங்கும். −746 என்றால் சுத்தப் பூஜ்யம். 80 பிட் இன்னும் பதினாறு மடங்கு தூரம் போகும், அதோடு சரி. எனவே எல்லாரும் மடக்கையாகவே வைத்துக்கொள்கிறார்கள். பலவற்றைக் கூட்ட வேண்டுமானால் மிகப் பெரியதை வெளியே எடுத்துவிட்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுக் கூட்டுகிறார்கள். பெரியது ஒன்றே வெல்லும் என்பதுதான் வரதனின் கணிதத்திலும் மையம்.

*

இன்றைய நிலை. 2000-இல் பென்டியம் 4-உடன் வந்த எஸ்எஸ்இ2 கட்டளைகளில் அடுக்கும் மடக்கையும் இல்லை. 64 பிட் உலகம் எஸ்எஸ்இ2-இன் ரிஜிஸ்டர்களுக்கு மாறிவிட்டது. எஃப்2எக்ஸ்எம்1 இன்னும் சில்லில் இருக்கிறது, கூப்பிடுவோர் குறைவு. லினக்ஸின் சி நிரலகமான ஜிலிப்சி 2018-இல் 2.28 பதிப்பில் அடுக்குக்கும் மடக்கைக்கும் புதிய நிரல்களைச் சேர்த்தது: சிறு அட்டவணை, கொஞ்சம் பல்லுறுப்புக்கோவை, அவ்வளவே. கிளார்க்ஸ் டேபிள் சில்லுக்குள் திரும்பிவிட்டது. கஹானின் பதினோரு கூடுதல் பிட்டுக்குப் பதில், எண்ணை இரண்டு டபுள்களாகப் பிளந்து வைத்துக்கொள்கிறார்கள்.

என்விடியா ஜிபியுக்களில் 2-இன் அடுக்குக்குத் தனிக் கட்டளை உண்டு, தோராயமாக, மின்னல் வேகத்தில். செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க எத்தனையோ அடுக்குக்குறிகளைப் போடுகின்றன, அவற்றை 1.442695-ஆல் பெருக்கி, 2-இன் அடுக்காக மாற்றித்தான் போடுகிறார்கள். பழைய சில்லில் அந்த மாறிலியை ஏற்றுவதற்கே எஃப்எல்டிஎல்2இ என்று ஒரு கட்டளை இருந்தது.

எஃப்ஒய்எல்2எக்ஸ்பி1-உம் எஃப்2எக்ஸ்எம்1-உம் செய்த வேலை சி மொழியில் லாக்1பி, எக்ஸ்பிஎம்1 என்ற பெயர்களில் 1999 முதல் தரத்திலேயே இருக்கிறது. பைத்தானிலும் உண்டு, நம்பையிலும் உண்டு. கிணறோ கூட்டு வட்டியோ மக்கள்தொகையோ எதுவானாலும், உங்கள் நிரலில் 1-ஐக் கூட்டிவிட்டு மடக்கை எடுக்கும் வரி ஒன்றாவது இருக்கும். இன்றைக்கே தேடிப் பார்த்து மாற்றிவிடுங்கள்.